வேண்டாம் என்கிற பட்டன்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் மத்தியானம் வரைக்கும்தான் போகிறேன். போன் பண்ணினால் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னிடம் வருவதற்கு உங்கம்மா தானே பஸ் டிக்கெட் போட்டாள். சீட், பேர், வயசு எல்லாம் சரியாகப் போட்டாள். கடைசியில் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்பதற்கு அகலமாக ஒரு பச்சைப் பட்டன். வேண்டாம் என்பதற்கு அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: 'என் பயணத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை.' உங்கம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். "ஊருக்குக் கிளம்பறப்ப இந்தப் பேச்சை நான் எதுக்குங்க தொடணும்?" என்று பச்சையையே அமுக்கிவிட்டாள். 49 ரூபாய்.

பணம் போனால் போகிறது. எத்தனை பேர் எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று உங்கள் கம்பெனியில் கணக்குப் பார்ப்பீர்கள் என்று சொல்வாயே, அந்த மாதிரிக் கணக்கில் உங்கம்மா இன்சூரன்ஸ் கேட்டு வாங்கியவள். அவள் பயந்து வாங்கினாள் என்பது எந்தக் கட்டத்தில் வரும்?

இதற்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயராம். 2010-லேயே ஹாரி பிரிக்னல் என்ற இங்கிலாந்துக்காரர் வைத்தது. நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி இப்படி 13 வகையைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சேரச் சுலபமாகவும் விலகக் கஷ்டமாகவும் வைப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது என்று போகிறது. வேண்டாம் என்பவரைக் கூச வைப்பதும் ஒரு வகை. அதற்கு அவர்கள் கொடுத்திருக்கிற உதாரணமே டிக்கெட்டும் இன்சூரன்ஸும்தான், விமானம் என்பது மட்டும் வேறு.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் ஓர் ஆடி மாதம், 300 ரூபாய் சேலைக்கு 400 என்று ஸ்டிக்கர் ஒட்டி 25 சதவீதம் தள்ளுபடி போட்டேன். கூட்டம் அள்ளியது. சித்திரையில் அதே சேலை வாங்கிய டீச்சரம்மா ஒருத்தர் பழைய பில்லோடு வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. பில்லைப் புதுச் சேலை மேல் வைத்து, "எது தள்ளுபடிங்க?" என்று மட்டும் கேட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர். அன்று ராத்திரி நானும் உங்கம்மாவும் உட்கார்ந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினோம். பாதி அட்டைகள் கிழிந்தே போயின.

தீபாவளிக்கு வந்தபோது, உங்கள் கம்பெனி வெப்சைட்டில் ஓடுகிற கடிகாரம் நீ போட்டது என்று பெருமையாகச் சொன்னாய். 'இந்த விலை இன்னும் 10 நிமிடம்தான்.' போன வாரம் நான் திறந்து பார்த்தேன். நாலு நிமிடத்துக்கு வந்ததும் மூடிவிட்டு மறுபடி திறந்தேன், திரும்பப் பத்திலிருந்து ஓடுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன் அம்மிணி. உங்களிடம் பில்லைக் கொண்டுவந்து வைக்க மேசையும் இல்லை.

எல்லாரும் செய்கிறார்கள், மேனேஜர் சொல்கிறார், வீட்டுக் கடன் ஓடுகிறது, எல்லாம் தெரியும். வேலையை விடச் சொல்லவில்லை. விலை நிஜமாகவே ராத்திரி 12 மணிக்கு ஏறுமென்றால் கடிகாரம் தாராளமாக ஓடட்டும், இல்லையென்றால் நிறுத்தச் சொல்லிக் கேட்டுப்பார். அப்புறம், வேண்டாம் என்கிற பட்டனுக்கு வார்த்தை எழுதுகிற வேலை உன்னிடம் வந்தால் 'வேண்டாம்' என்று மட்டும் எழுது.

உங்கம்மா வியாழக்கிழமை விடியற்காலையில் பெங்களூரு மடிவாளாவில் இறங்குவாள். முறுக்கு டப்பா கனமாக இருக்கிறது, நேரில் போய்க் கூட்டிக்கொள். திரும்பி வர டிக்கெட்டையும் நீயே போட்டுவிடு. அந்தப் பக்கத்தை இனிமேல் திறக்கவே மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா