வண்டி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டிகள் பாதி வழியில் நின்றுபோவதற்கு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான்கு மாதமாக நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் கார்பரேட்டர், பிளக், இக்னீஷன் காயில் (பிளக்குக்குக் கரண்ட் தரும் சுருள்) மூன்றையும் மாற்றி 4,000 ரூபாய்க்கு மேல் கரைத்தாகிவிட்டது. கடைசியில் பிடிபட்டது ஒரு சைக்கிள் டியூப் துண்டு.

என்னுடையது 1997 மாடல் 100 சிசி வண்டி. மன்னார்குடியில் எடுத்தால் ஏழெட்டு கிலோமீட்டர் சொன்னபடி கேட்கும். பிறகு ஒரு இழுப்பு, இரண்டு திணறல், நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டினால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். கும்பகோணம் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட நாள்களில் மட்டும் கேட் தாண்டிச் சில கிலோமீட்டர் தகராறு இருக்காது. கேட்டில் காய்ந்த எரிச்சலில் அது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

டிராக்டர் ஓட்டும் என் தங்கை மகன் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து வந்தான். வண்டி நின்றதும், "மாமா, கிக்கரை விடுங்க, மூடியைத் திறங்க" என்றான். சாவியைத் திருப்பியதும் புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் இறங்கக்கூடாதென்று மூடிக்கு அடியில் டியூபை வட்டமாக வெட்டி வைத்தவன் நானேதான். என் வண்டியில் பெட்ரோல் தன் பாரத்தால்தான் கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு மூடியிலுள்ள துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அதை அடைத்தால் பெட்ரோல் தொங்கி நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று கசிந்ததும் மறுபடி இறங்கும். கேட் மகிமை இவ்வளவுதான்.

ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே பாருங்கள். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அது சரியாகிவிடும், மெக்கானிக்கும் கையை விரிப்பார். சுவிட்சை அணைத்ததுபோலப் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்படலாம். இழுத்து, திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல்தான். உடனே மூடியைத் திறங்கள், மறுபடி ஓடினால் என் கதைதான். ஓடாவிட்டால், இன்ஜின் சூடு ஆறியதும் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள் (பீடி பற்றவைத்திருப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு!). விடாமல் ஒழுகினால் டேங்க் பக்கம் குறையில்லை. கொஞ்சம் வந்து சொட்டாகக் குறைந்தால் காக் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), பெட்ரோல் டியூப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறதென்றால் ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையில்) அடைப்பு, அல்லது எங்கோ காற்று வாங்குகிறது. காயில் சூடாகி வேலைநிறுத்தம் செய்வதும் உண்டு. ஆறியபின் பார்த்தால் பிளக்கில் நெருப்பு அழகாகத் தெறிக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

எத்தனாலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது தண்ணீரை ஈர்க்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பாதி டேங்கோடு வண்டியைக் கொட்டகையில் போட்டுவைத்தால், அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். காக் இருப்பதும் அந்த அடியில்தான். டேங்கில் பல வருடம் படிந்த கசடையும் அது கிளப்பி ஜெட்டுக்கு அனுப்பும், பழைய ரப்பரை ஊதவைக்கும். சந்தேகம் இருந்தால் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கைக் கழுவத்தான் வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தையும் கலப்படம் பார்க்கும் ஃபில்டர் தாளையும் கேட்டால் தர வேண்டும். ஆனால் அந்தத் தாள் தண்ணீரைக் காட்டாது.

மருமகன் டிராக்டரில் எத்தனால் பேச்சே இல்லை, அது டீசல். அதுவும் நடவு நேரத்தில் நிற்கத்தான் செய்கிறது. கேனின் அடியில் தங்கிய தண்ணீரும், ஃபில்டர் மாற்றியபின் சரியாக ஏர் எடுக்காததும்தான் (டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாததும்தான்) அங்கே வழக்கமான காரணங்கள்.

டியூப் துண்டை எடுத்தபின் என் வண்டி ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. மழை வந்தால் டேங்க் மேல் ரெக்சின் உறை போடுகிறேன், வண்டியை எடுக்குமுன் கழற்றிவிடுகிறேன். கழற்றிய பழைய கார்பரேட்டர் பரணில் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மன்னார்குடி