கானாவில் கொக்கோவுக்கு யார் விலை வைத்தார்கள்?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆப்பிரிக்க நாடுகள் விடுதலைக்குப் பின் தடுமாறியதற்கு ஊழல்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். ஊழல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கானாவைப் பொறுத்தவரை, கொக்கோவுக்கு விலை வைத்த முறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அந்த முறை 1957இல் வந்த சுதந்திர அரசு உண்டாக்கியதல்ல. பிரிட்டிஷ்காரர்கள் 1947இல் அமைத்த கொள்முதல் வாரியம் அது. பருவத் தொடக்கத்தில் வாரியம் ஒரு விலை சொல்லும்; விளைச்சல் முழுக்க வாரியத்துக்கே போக வேண்டும். உலக விலை ஏறும்போது மிச்சம் பிடித்து, இறங்கும்போது அதை எடுத்து விவசாயியைக் காப்பது நோக்கம். பணம் சேர்ந்தது, ஆனால் விவசாயிக்குத் திரும்பவில்லை. முதலில் லண்டனில் முதலீடாகக் கிடந்தது. பிறகு சுதந்திர கானாவின் முதல் தலைவரான நிக்ருமாவின் அரசு பள்ளி, சாலை, தொழிற்சாலை என்று செலவழித்தது. அவையெல்லாம் நாட்டுக்கு வேண்டியவைதான். ஆனால் 1965இல் உலக விலை சரிந்தபோது கையிருப்பு இல்லை. விவசாயிக்குத் தரும் விலையையே குறைத்தார்கள். 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது.

எழுபதுகளின் கடைசியில் நிலைமை இன்னும் மோசம். 1978 முதல் 1983 வரை டாலருக்கு 2.75 செடி (கானாவின் நாணயம்) என்றே அரசு வைத்திருந்தது. கள்ளச்சந்தையில் பல மடங்கு. ஒரு டன் 2,000 டாலருக்கு விற்றால் வாரியத்துக்கு வருவது 5,500 செடி. அதற்குமேல் கொடுக்க நோட்டுதான் அடிக்க வேண்டும். விலைவாசி ஏறி அதுவும் கரைந்துவிடும். எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்குக் கொண்டுபோனால் செடிபோல் கரையாத பிராங்க் நாணயம் கிடைக்கும். மூட்டைகள் அந்தப் பக்கம் போனதில் என்ன ஆச்சரியம்?

இதில் கவனிக்க வேண்டியது மரம். கொக்கோ காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும், பிறகு முப்பது ஆண்டுவரை பலன் தரும். விலை கெட்டால் யாரும் மரத்தை வெட்டுவதில்லை. புதுக்கன்று நடுவதையும் காயழுகலுக்கு மருந்தடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் தவறான விலையின் விளைவு பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது விலையைத் திருத்தினாலும் காய் உடனே வராது. 1964-65இல் ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல் இருந்த விளைச்சல் 1983-84இல் சுமார் 1.6 லட்சம் டன். வறட்சியும் காட்டுத்தீயும் அப்போது சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் தோப்புகள் அதற்கு முன்பே கிழடு தட்டியிருந்தன.

2024இலும் அதே முடிச்சுதான். கொள்முதலுக்குப் பணம் வேண்டி 2023-24 பருவம்வரை வாரியம் வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கிவந்தது. அதற்கு ஈடாக அறுவடைக்கு முன்பே கொக்கோவை விற்றுவைத்தது. 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது பெரும்பகுதி பழைய விலைக்கு ஒப்பந்தமாகியிருந்தது. 64 கிலோ மூட்டைக்கு ஏப்ரலில் 2,070 செடி, செப்டம்பரில் 3,000 என்று உயர்த்தியும் கடத்தல் நிற்கவில்லை. ஏற்றுமதி விலையில் விவசாயிக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதி, மிச்சம் பிடிக்கும் பணத்தை நிதியமைச்சகம் தொட முடியாத கணக்கில் போடாதவரை இது தீராது என்பது என் எண்ணம்.

சாம்பியாவின் செம்பு பற்றியும் கேட்டிருந்தாய். அது வேறு கதை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்