கேமராவை எங்கள் பக்கமும் திருப்புங்கள்

இதயநோய் மாநாடுகளை நடத்தும் மூத்த மருத்துவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் கேத் லேப்பில் (எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறையில்) நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். உங்களில் ஒருவருக்குத்தான் போன் போட்டோம்.

ரத்தக்குழாயில் கால்சியம் இறுகிக் கிடந்தது. மெல்லிய வயர் அடைப்பைத் தாண்டிப் போய்விட்டது, அடைப்பை விரிக்கும் பலூன் நுழையவில்லை. எங்கள் டாக்டர் நல்ல கைக்காரர். ஆனால் இந்த மாதிரி கேஸ் அவருக்கு அபூர்வம். கிளவுஸ் போட்ட கையோடு அவர் நிற்க, நான் என் மொபைலை மானிட்டருக்கு நேரே பிடித்தேன். படம் மின்னி மின்னி ஓடியது. “எந்த ஆங்கிள்? கிட்டே காட்டுங்க” என்றது மறுமுனை. அப்புறம் சிக்னலே இல்லை. ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லையே, மேசையில் இருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். “லைன் கிடைக்கலையா தம்பி?” என்று அவரே விசாரித்தார். கடைசியில் பாதியில் நிறுத்தி, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பினோம்.

உங்கள் மாநாட்டு அரங்கில் மட்டும், வேறோர் இடத்தில் நடக்கும் சிகிச்சையின் எக்ஸ்ரே படம், ஈசிஜி, பிரஷர், டாக்டரின் கை எல்லாம் ஒரே திரையில் பளிச்சென்று நேரலையாகத் தெரிகிறது. மேடையில் வரிசையாக அமர்ந்தவர்கள் “ரோட்டா போடலாமே” (கால்சியத்தைச் சுழன்று பொடியாக்கும் கருவி) என்று யோசனை சொல்கிறார்கள். கைதேர்ந்தவருக்கு யோசனை சொல்ல இத்தனை பேர்! தடுமாறுகிறவருக்குத்தான் ஆள் இல்லை. மதியச் சாப்பாடும் பிரமாதம் என்று கேள்வி.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன். அதே கேமராவை எங்கள் பக்கமும் திருப்புங்கள்.

2018 டிசம்பரில் இதயநோய் நிபுணர் டாக்டர் தேஜஸ் படேல் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, ரோபோ மூலம் அகமதாபாத் நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைத்தார். நாங்கள் ரோபோ கேட்கவில்லை. கொரோனாவில் பயணம் நின்றபோது இதய வால்வு சிகிச்சைக்கே வல்லுநர்கள் திரை வழியாக வழிகாட்டினார்களே, அது போதும். இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் தொலைவிலிருந்து அறுவை செய்வதைச் சேர்க்கவில்லை என்பீர்கள். சரி, கை எங்களுடையதாகவே இருக்கட்டும், பொறுப்பும்தான். கண்ணை மட்டும் கொடுங்கள்.

கேத் லேப் மானிட்டரிலிருந்து நேராக எடுக்கும் படம், இருபக்கமும் பேச வசதி, நம்பகமான இணைப்பு, நோயாளியின் சம்மதம். இதற்கு மேல் முக்கியமானது, எந்த நாளில் யார் அழைப்பை எடுப்பார் என்ற ஒரு டியூட்டி பட்டியல். அடுத்த மாநாட்டு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் போட்டு எங்களைப் போன்ற மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட மருத்துவமனை ஒன்றின் கேத் லேப் டெக்னீஷியன்