களிமண்ணைக் காட்டிக்கொடுத்த ஐயாவுக்கு நன்றி

வீடு கட்ட நாங்கள் நிலத்தைச் சமன்செய்வதைப் பார்த்து வண்டியை நிறுத்திய ஐயா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. "இது களிமண்ணுப்பா. நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும். இதுமேல அஸ்திவாரம் போடாதீங்க" என்று சொன்னதோடு நிற்காமல், கடப்பாரையை வாங்கி நீங்களே தோண்டிக் காட்டினீர்கள். கெட்டி மண் வரும்வரை ஆழப்படுத்தினோம். தளத்துக்குக் கொட்டிய மண்ணையும் நீங்கள் சொன்னபடியே அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். ஒரேயடியாக நிரப்பியிருந்தால் அடிமண் இறுகாமல், பின்னால் தரை இறங்கியிருக்கும். அப்புறம் நீங்கள் சொன்ன அந்த வடிகால்! மழைநீர் சுவரை விட்டு விலகியே ஓடுகிறது. இந்த உதவிக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. இதைப் படித்தால், அவசியம் வீட்டுக்கு வாருங்கள் ஐயா.