மலை அங்கன்வாடிக்குச் சமவெளி அட்டவணை பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைபனிக் காலம் நெருங்குகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து அங்கன்வாடி மையங்களும் கோவையின் மையங்களும் ஒரே நடைமுறையில்தான் நடக்கின்றன. மலையில் அதனால் முதலில் வாடுவது குழந்தை, அடுத்து பணியாளர். அதிகாரிகள் மனது வைத்தால் இதில் பெரும்பாலானவற்றை இந்தக் குளிருக்குள்ளேயே சரிசெய்யலாம்.

முதலில் அடுப்பு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர சூடு அதற்கு மேல் ஏறாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழையாததற்குக் காரணம் இதுதான். துவரம்பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறவைத்துக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். முட்டைக்குக் கொதி வந்தபின் 15 நிமிடம் தேவை. விசில் வராவிட்டால் உடனே தண்ணீரைக் கூட்டாமல் கேஸ்கெட்டை, அதாவது மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். குளிரில் விறைத்து ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் படிந்து உட்காரும். இத்தனைக்கும் சமவெளியைவிட நேரமும் கேஸும் கூடுதலாகப் பிடிக்கும். சிலிண்டர் கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

அடுத்து எடை. மலை மையங்களில் தவறு அதிகம் நுழையும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஸ்வெட்டர், குல்லா, ஷூ, உள்ளே இரண்டு சட்டை என்று குழந்தையை அப்படியே தராசில் ஏற்றினால் அரை கிலோவுக்கு மேல் கூடிவிடும். உலக சுகாதார நிறுவன அளவுகோலின்படி இரண்டு வயது ஆண் குழந்தை 9.7 கிலோவுக்கும், பெண் குழந்தை 9 கிலோவுக்கும் குறைந்தால் எடைக்குறைவு. உண்மையில் 9.3 கிலோ இருக்கும் பையன் உடுப்போடு 9.9 காட்டுவான். பட்டியலில் அவன் நலமான குழந்தை, கூடுதல் கவனிப்பு கிடைக்காது. காலை எட்டு மணிக் குளிரில் எந்தத் தாயும் உடுப்பைக் கழற்றச் சம்மதிக்க மாட்டாள், அது நியாயமும்கூட. எனவே எடை பார்ப்பதை வெயில் ஏறிய பிறகு, பதினொன்றரை மணிவாக்கில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கழற்ற முடியாவிட்டால், அதே மாதிரி உடுப்பைத் தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும். உயரத்துக்கும் குல்லா, கொண்டை கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்தே அளக்க வேண்டும். நிற்கவைத்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்து காட்டும்.

குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோலவே இருக்கும், உயிர் போய்விடும். சூடு வேண்டுமானால் தரையிலிருந்து தொடங்க வேண்டும். சிமென்ட் தரையில் முதலில் தார்ப்பாய், மேலே கோரைப்பாய், அதன் மேல் ஜமக்காளம். மாலையில் மூன்றையும் தூக்கி நிறுத்திவிட வேண்டும். அப்படியே விட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு இருமல் வரும். ஜன்னலை முழுக்க அடைக்காமல் மேல்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கட்டும். மழையில் நடந்து வரும் பிள்ளைகளின் நனைந்த காலுறையை வந்ததும் மாற்ற, மையத்திலேயே பத்து ஜோடி காய்ந்தது இருந்தால் போதும். கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் இருக்க வேண்டும். பச்சைத்தண்ணீர் என்றால் எந்தக் குழந்தையும் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவிடும்.

இவ்வளவையும் யார் செய்வது? 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயது வரை 20 பேருக்கு ஒருவர் என்கிறது. உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள மையத்தில் ஒரே ஆள்தான் சமைக்க வேண்டும், பாடம் நடத்த வேண்டும், குழந்தைகளின் விவரங்களைப் போஷன் டிராக்கர் என்ற அரசின் கைபேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டும். டவர் கிடைக்காத எஸ்டேட் லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அந்நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது?

புதிதாகச் சேரும் குழந்தையை அழாமல் பழக்க வழி உண்டு. முதல் இரண்டு நாள் தாய் அரை மணி நேரம் கூட இருந்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்து, போகும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஒளிந்து போனால் அழுகை கூடத்தான் செய்யும். வீட்டில் படகர் மொழியோ பணியர் பழங்குடியினரின் மொழியோ பேசும் குழந்தைக்கு, தண்ணீர், அம்மா, வலி, ஒன்றுக்கு என்ற நான்கையாவது பணியாளர் அதன் மொழியில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் இடுப்பில் அழும் பிள்ளை, அடுப்பில் கொதிக்கும் குக்கர் என்று நிற்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஆபத்தும்கூட.

தனியாக இருப்பதால் கழிப்பறைக்குப் போக முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பணியாளர்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் இடுப்பு வலியும் அப்படித்தான் வருகின்றன. தாய்மார்களை முறைவைத்து உதவிக்கு அழைக்கலாம் என்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி போன கணக்கு. அதைக் கேட்கக் கூடாது.

நாங்கள் கேட்பது இவ்வளவே: காலியிடங்களை நிரப்பும்வரை ஐந்து மையங்களுக்கு ஒரு சுழற்சிப் பணியாளர், சமைக்கும் நேரத்தில் பதிவேற்றம் வேண்டாம், டவர் உள்ள இடத்தில் வாரம் ஒரு நாள் அதற்கென ஒதுக்குங்கள், டிசம்பர், ஜனவரியில் மையம் திறக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கட்டும்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.