லாரியோடு வந்த அண்ணனுக்கும் கூட வந்த எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மணப்பாறைப் பக்கத்தில், திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. பள்ளியின் சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்கும் நானே பொறுப்பு. இந்தக் கல்வியாண்டில் எங்கள் பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, கூலியை விட்டு வந்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தன்னைத் தெரியும்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் எங்கள் பிளஸ் ஒன் மாணவன் ஒருவனைச் சாலையில் பறிகொடுத்தோம். பால் வாங்கிவரச் சித்தப்பாவின் பைக்கை எடுத்துப் போனவன். அதற்கு முன்பும் ஒவ்வொரு ஜனவரியிலும் சாலைப் பாதுகாப்பு விழா நடத்திக்கொண்டுதான் இருந்தோம். உறுதிமொழி உண்டு, ஓவியப் போட்டி உண்டு. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள் என்று வழிபாட்டுக் கூட்டத்தில் நானே வாசித்திருக்கிறேன். நாளுக்கு 49 பேர், எங்கள் ஒரு வகுப்பறை அளவு. அவனும் வரிசையில் நின்று அதைக் கேட்டவன்தான். வாசிப்பதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்த உறுத்தலோடுதான் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றேன். யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் நன்றி லாரி அண்ணனுக்கு. நாமக்கல் வண்டி, பத்துச் சக்கரம். லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், முதலாளியிடம் அனுமதி கேட்டு, பள்ளி மைதானத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேசச் சொன்னோம். “எனக்குப் பேச வராது டீச்சர், பிள்ளைகளை மேலே ஏறச் சொல்லுங்கள்” என்றார். கேபினை ஒட்டி இடப்பக்கம் எட்டுப் பேரைச் சைக்கிளோடு நிற்கவைத்தார். முன் பம்பரை ஒட்டி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். பிறகு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கீழே எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

“யாருமே இல்லையே அண்ணா!”

கீழே நின்ற பதினோரு பேரும் கையைத் தூக்கினார்கள். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்து ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். அவள் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதன் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்கினார்கள். ஒருவரையும் அண்ணன் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் வண்டியை மெல்ல இடப்பக்கம் ஒடித்துத் திருப்பிக் காட்டினார். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். செம்மண் தரையில் இரண்டு தடமும் தனித்தனியாக விழுந்து கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாணவனைச் சைக்கிளோடு நிற்கச் சொன்னார். சரியாக அடங்கினான். திருப்பத்தில் லாரிக்கு இடப்பக்கம் நுழையக் கூடாது என்று நான் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தத் தடம் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது. அன்று அவருக்கு அரை நாள் ஓட்டம் போயிற்று. டீசல் காசு கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார்.

உடற்கல்வி ஆசிரியருக்கு நன்றி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். கரும்பலகையில் இது வெறும் வகுத்தல் கணக்கு. அவர் டேப்பை இழுத்து, கொடிக்கம்பத்திலிருந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பாடத்தையும் அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் நடத்தினேன்.

பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி, சாலையோரம் மலிவாக விற்கும் தலைக்கவசம் ஒன்றையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒன்றையும் வாங்கிவந்து பிள்ளைகள் முன்னால் ரம்பத்தால் அறுத்தார். முத்திரை உள்ளதற்குள் விரல்தடிமன் தெர்மாகோல். மலிவானதில் மெல்லிய பஞ்சுத் துணி மட்டும். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

போக்குவரத்துக் காவல் உதவி ஆய்வாளர் மிரட்டாமல் பேசினார், அதற்கே தனி நன்றி. 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்றார். பையன்கள் அசையவில்லை. ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது என்றதும்தான் பின்வரிசை நிமிர்ந்தது. ஒருவன் விரல்விட்டு எண்ணி, “ஒன்பது வருஷமா சார்?” என்று கேட்டான்.

108 ஆம்புலன்சில் பணிபுரியும் சகோதரி பணிமுடிந்து சீருடையோடேயே வந்தார். அடிபட்டவரை நாலு பேர் கைகாலைப் பிடித்து ஆட்டோவில் திணிக்கக் கூடாது, மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நெடுஞ்சாலையில் நின்று போன் செய்தால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தார். உதவி செய்கிறவரைச் சட்டம் காக்கிறது, அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது எங்கள் ஆசிரியர்களுக்கே புதிய செய்தி. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021-லிருந்து நடப்பில் இருப்பதும் பல வீடுகளுக்கு அன்றுதான் போய்ச் சேர்ந்தது.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, காலையில் இன்னொரு டவுன் பஸ் விட ஏற்பாடு செய்த கிளை மேலாளருக்கும், பிள்ளைகள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காத ஓட்டுநருக்கும் நன்றி.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல. மகனை இழந்த அந்த அம்மா, பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். நாங்கள் அழைக்கவில்லை, அழைக்கும் துணிவு எங்களுக்கு இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, பெரியவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் வீட்டில் வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது?”

கூடம் அப்படியே அடங்கிப்போயிற்று. தன் வீட்டில் வாசல் நிலையை ஒட்டி ஓர் ஆணி இருந்தது என்றும், பால் வாங்கிவா என்று அன்று சொன்னது தான்தான் என்றும் சொன்னார். வேறொன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் பைக்கில் வருகிற பையன்கள் குறைந்தார்கள். கடைக்குச் சைக்கிளில் போகும் பையன்களை இப்போது சாயங்காலங்களில் பார்க்கிறேன். அம்மா, உங்கள் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. நேரில் வந்தால் பேச்சு வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சுண்ணாம்புக் கோடு மழைக்கு அழிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் தாங்களே டேப் பிடித்துப் புதிதாகப் போடுகிறார்கள். அவர்களுக்கும் நன்றி. பொங்கல் கழிந்து லாரி அண்ணன் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் தன் செலவு என்று பள்ளி முனை டீக்கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரும் பெயர் போட வேண்டாம் என்றுதான் சொன்னார்.

நன்றியுடன்,
சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியை