முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த தவளை வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில், முட்டையிலிருந்து ஓர் அம்புக்குறி நேரே தலைப்பிரட்டைக்குப் போகிறது. மூளையும் தண்டுவடமும் தோன்றுவது அந்த அம்புக்குறிக்குள்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்துவிட்டால், எங்கள் புளியரை வயல்களில் தேரைகள் முட்டையிடும். நீளமான ஜெல்லி இழைக்குள் கறுப்பு முட்டைகள் வரிசையாகத் தெரியும். புதிதாக இட்ட இழையில் ஒரு துண்டை, வயல் தண்ணீரோடு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துவந்து வகுப்பில் லென்ஸ் வைத்துக் காட்டுவேன். உருண்டை மெல்ல நீளும். முதுகுப் பக்கம் தட்டையாகும். அப்புறம் இரண்டு ஓரமும் வரப்பு மாதிரி உயர, நடுவில் பள்ளம் விழும். ஓரங்கள் நெருங்கி ஒட்டியதும் பள்ளம் குழாயாகி உள்ளே போய்விடும். குழாயின் முன்பகுதி மூளை, மீதி தண்டுவடம். பெஞ்சில் ஏறி நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள் உண்டு.

தோலாகப் போகும் செல்களும் நரம்பாகப் போகும் செல்களும் முதலில் ஒரே அடுக்கில்தான் இருக்கின்றன. பிறகு யார் பிரிக்கிறார்கள்? 1924-ல் ஜெர்மனியில் ஹில்டே மாங்கோல்டும் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனும், தவளைக்கு உறவான நியூட்டின் கருவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டிய ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே இரண்டாவது நரம்புக் குழாய் வளர்ந்தது. அதில் பெரும்பகுதி ஒட்டிய துணுக்கு அல்ல, ஏற்றுக்கொண்ட கருவின் சொந்தச் செல்களே. மாங்கோல்ட் அதே ஆண்டு தீ விபத்தில் இறந்துபோனார். 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமனுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் துணுக்கின் வேலை 1990-களில் ஆப்பிரிக்க நகத்தவளையில் தெளிவானது. பிஎம்பி என்ற புரதம் அந்தச் செல்களைத் தோலாகத் தூண்டுகிறது. துணுக்கிலிருந்து வரும் நாகின், கார்டின் புரதங்கள் பிஎம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. தூண்டுதல் எட்டாத செல்கள் நரம்பின் பக்கம் திரும்புகின்றன. வேறு சில சமிக்ஞைகளுக்கும் இதில் பங்குண்டு, ஆனால் பள்ளி மாணவருக்கு இதுவே போதும்.

அடுத்த முறை படம் போடும்போது, முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் நடுவே பள்ளம் விழுந்த கருவையும் ஒரு கட்டமாகச் சேருங்கள். பார்த்து முடித்ததும் முட்டைகளை எடுத்த வயலிலேயே விட்டுவிடச் சொல்லி ஒரு வரியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
புளியரை, தென்காசி மாவட்டம்.